வீழ்ந்த பொருளும் வீழா விரதமும்





ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவதாகிய கள்ளாமையைப் பற்றி ஜினாலயத்தில் எவரேனும் பேசத் தொடங்கினால், நம்முள் பெரும்பாலோர் மனக்கவலை இன்றி அமர்ந்து கேட்கிறோம். கொல்லாமை நுட்பமானது, பொய்யாமை நாள்தோறும் நழுவக்கூடியது, பொருளுக்கு வரையறை செய்துகொள்வதோ மிகக் கடினம். ஆனால் கள்ளாமை நமக்குப் பிறப்பிலேயே வாய்த்துவிட்டது என்பது நம் எண்ணம். "நாம் யார் வீட்டுச் சுவரில் கன்னம் வைத்தோம்? யார் மடியில் கை வைத்தோம்?" என்று நமக்கு நாமே சான்றிதழ் வழங்கிக்கொள்கிறோம்.

அடியேனும் என் 26ஆம் வயது வரை அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்று எனக்கு உணர்த்தியது ஒரு சிறிய சுருக்குப்பை. அந்நிகழ்ச்சியைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன், நம் ஆசாரியர்கள் இவ்விரதத்தின் எல்லையை எங்கே வரைந்துள்ளனர் என்பதனைக் காண்போம்.

மூவகைப் பொருள்

ஆசாரியர் சமந்தபத்திரர் இல்லறத்தாரின் ஒழுக்கத்தை 150 சுலோகங்களில் இரத்தினகரண்டக சிராவகாசாரம் என்னும் நூலாக அருளினார். அந்நூலின் வழிநின்று தமிழில் எழுந்ததே நம் இல்லங்களில் முன்னோர் மனப்பாடம் செய்த அருங்கலச்செப்பு. கள்ளாமை அணுவிரதத்தை விளக்க வந்த ஆசாரியர், சுவரேறிக் குதிப்பவனையும் வழிப்பறி செய்பவனையும் முன்னிறுத்தவில்லை. பிறர் ஓரிடத்தில் வைத்த பொருள், கை தவறி விழுந்த பொருள், நினைவின்றி மறந்துவிட்ட பொருள் ஆகிய மூன்றையும் சொல்லி, உரியவர் கொடாதபோது அவற்றை எடுத்துக்கொள்ளாமையே இவ்விரதம் என்றார்.

இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். இம்மூன்றிலும் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. எவரையும் அச்சுறுத்த வேண்டியதில்லை. பொருள் தானாகவே நம் முன் கிடக்கிறது. காவலும் இல்லை, காண்பவரும் இல்லை. கன்னம் வைக்கும் வாய்ப்பு நம்மில் எவருக்கும் வருவதில்லை. ஆனால் பேருந்து இருக்கையில் ஒரு பையையோ, கிணற்றடியில் ஒரு மோதிரத்தையோ காணும் வாய்ப்பு எவருக்கும் வரக்கூடும். இல்லறத்தான் எங்கே வழுக்குவான் என்பதனை அறிந்தே ஆசாரியர் அங்கே கோடு கிழித்தார்.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பண்டிதர் ஆசாதரர், சாகாரதர்மாமிருதம் என்னும் நூலில் இதனை மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தார். புதையல் போன்றவற்றை 'உடையவர் இல்லாதது' என்று கருதி எடுத்துக்கொள்ளலாகாது என்பதும், உடையவர் இல்லாத செல்வத்திற்கு அரசனே உரியவன் என்பதும் அவர் கருத்து. அதனினும் மேலாக, 'இப்பொருள் என்னுடையதுதானா, அன்றா' என்ற ஐயம் எழுந்த நிலையில் ஒருவன் அதனை எடுத்தால், அதுவும் விரதத்திற்குப் பங்கம் என்றார். தன் பொருளிலேயே ஐயம் தீர்ந்த பின்னரே கை வைக்க வேண்டுமென்றால், பிறர் பொருளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

திருக்குறளில் கள்ளாமை என்னும் அதிகாரம் 29ஆவதாகத் துறவறவியலில் அமைந்துள்ளது. அதனால் அது முனிவர்க்கே உரியதென்று கருதிவிடலாகாது. முனிவர்க்கு அது மகாவிரதம், நமக்கு அணுவிரதம். அளவில் வேறுபாடு உண்டே அன்றி, விலக்கு இல்லை.

காலடியில் விழுந்த மாலை

இவ்விரதத்திற்கு எடுத்துக்காட்டாக ஆசாரியர் சமந்தபத்திரர் குறித்த பெயர் வாரிஷேண குமாரர். மகத நாட்டு மன்னன் சிரேணிகனின் திருமகனாகிய அவர், சதுர்த்தசி நாளில் உண்ணாநோன்பு ஏற்று, இரவில் சுடுகாட்டில் தியானத்தில் நின்றிருந்தார். அவ்வேளையில் கணிகை ஒருத்தியின் ஆசையை நிறைவேற்ற விலையுயர்ந்த மாலை ஒன்றைக் கவர்ந்து வந்த கள்வன், காவலர் துரத்தியதால் அஞ்சி, அம்மாலையைக் குமாரரின் காலடியில் போட்டு மறைந்துவிட்டான். பின்தொடர்ந்து வந்த காவலர் கண்டது இளவரசரையும் அவர் முன் கிடந்த மாலையையுமே. மன்னன் மகனென்றும் பாராது தலையை வெட்டுமாறு ஆணையிட்டான். வீசிய வாள் அவர் கழுத்தில் மலர்மாலையாயிற்று என்பது புராண வரலாறு.

வாள் மலரான அற்புதத்தையே நாம் வியந்து பேசுகிறோம். அதற்கு முன் நிகழ்ந்த ஒன்றையும் எண்ண வேண்டும். தொலைந்த பொருள் ஒன்று கிடக்கும் இடத்தில் பழி பிறந்துவிடுகிறது. யார் அருகில் இருந்தாரோ அவர்மேல் அப்பழி ஏறிக்கொள்கிறது. வாரிஷேணருக்கு நோன்பின் வலிமை இருந்தது. அத்தகைய வலிமை வாய்க்காத எளியவர்மேல் அப்பழி ஏறினால் அவர்கள் என் செய்வர்?

பத்திரமித்திரனின் மணிகள்

திருப்பருத்திக்குன்றத்தோடு தொடர்புடைய வாமன முனிவர் அருளிய மேருமந்தர புராணம் நம் தமிழுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அதில் பத்திரமித்திரன் என்னும் வணிகனின் வரலாறு வருகிறது. கடல் கடந்து ஈட்டிய மணிகளைச் சிங்கபுரத்து அமைச்சனிடம் அடைக்கலமாக வைத்துவிட்டு அவன் ஊர் செல்கிறான். அவ்வமைச்சனுக்குச் சத்தியகோடன் என்பது சிறப்புப் பெயர். வாய்மையே பேசுபவன் என்று நாடே நம்பியது. திரும்பி வந்து மணிகளைக் கேட்டபோது, 'நீ யார்? எந்த மணி?' என்று அவன் கைவிரித்துவிட்டான். வணிகனைப் பித்தன் என்று ஊர் எள்ளியது. அவனோ நாள்தோறும் அரண்மனை அருகே மரத்தின்மேல் ஏறி நின்று, தன் மணிகளைச் சொல்லி அழுதான்.

பித்தன் ஒரே சொல்லை ஒரே முறையில் நாள்தோறும் சொல்வதில்லை என்று சிந்தித்தவள் அரசி இராமதத்தை ஒருத்தியே. அவள் அமைச்சனோடு சூதாடி, அவன் மோதிரத்தையும் பூணூலையும் வென்று, அவற்றை அடையாளமாகக் காட்டச் செய்து அவன் இல்லத்திலிருந்து மணிச்செப்பை வரவழைத்தாள். இதுவரை எல்லாரும் அறிந்த கதை. இதன்பின் வரும் பகுதியே நமக்குரியது.

மன்னன் சிங்கசேனன் அம்மணிகளை அப்படியே கொடுத்துவிடவில்லை. அரண்மனை மணிகள் பலவற்றோடு அவற்றைக் கலந்து வைத்து, 'உன்னுடையதை எடுத்துக்கொள்' என்றான். பத்திரமித்திரன் பட்ட துன்பம் சிறிதன்று; பித்தன் என்ற பெயரும் பெற்றான். 'இழந்த நாட்களுக்கு ஈடாக ஒன்றிரண்டு கூடுதலாக எடுத்தால் என்ன?' என்று மனித மனம் கணக்குப் போடும் இடம் அது. அவனோ தன் மணிகளை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தொடாமல் நின்றான். பறிகொடுத்தவனிடமும் கள்ளாமை வேண்டும் என்பதனை அவன் கை காட்டியது. பிறர் பொருளை மறைத்த சத்தியகோடனோ, இறந்து மன்னனின் கருவூலத்திலேயே பாம்பாகப் பிறந்தான். தனதல்லாத செல்வத்தின்மேல் சுருண்டு படுத்திருக்கும் பிறவியினும் தக்க பயன் வேறு உண்டோ!

ஒரு சுருக்குப்பை

இனி அடியேன் கதையைச் சொல்கிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்து, வந்தவாசிப் பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் பணியாற்றி வந்த காலம். 1976ஆம் ஆண்டு. ஒரு மாலை பள்ளி முடிந்து பேருந்துக்காகப் புளியமரத்தடியில் நின்றபோது, வேரின் ஓரத்தில் ஒரு சுருக்குப்பை கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். 43 ரூபாயும், வெற்றிலைக் காம்பும், ஒரு சிறு சாவியும் இருந்தன. சுற்றிலும் பார்த்தேன்; ஒருவரும் இல்லை. பேருந்து வந்தது, பையுடன் ஏறிவிட்டேன்.

அப்பணத்தை வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. மறுநாள் காலை ஜினாலயம் சென்று 43 ரூபாயையும் உண்டியலில் இட்டேன். பிறர் பொருளை விரும்பாதவள் என்ற நிறைவோடு பகவானை வணங்கினேன். வெற்றுப் பையையும் சாவியையும் மேசை இழுப்பறையில் போட்டு மறந்தேன்.

மூன்று வாரங்கள் கழிந்தன. என் வகுப்புச் சிறுமி ஒருத்தி தொடர்ந்து வரவில்லை. வராத பிள்ளைகளை வீடு தேடிச் சென்று அழைத்து வருவது அந்நாளில் எங்கள் வழக்கம். சென்றேன். இடுப்பில் தம்பியைச் சுமந்தபடி அவள் வாசலில் நின்றிருந்தாள். "அம்மா தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், டீச்சர். பாட்டி மணிலாக்கொட்டை பிடுங்கிச் சேர்த்த கூலிப் பணத்தைக் காணோம். பெட்டிச் சாவியும் அந்தப் பையில்தான் இருந்தது. அம்மாதான் எடுத்துவிட்டாள் என்று பாட்டி தெருவில் நின்று சத்தம் போட்டாள். அப்பா அம்மாவை அனுப்பிவிட்டார்" என்றாள்.

சாவி என்ற சொல்லைக் கேட்டதும் என் கால்கள் தளர்ந்தன.

அன்றிரவு என் தந்தையாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நாள்தோறும் மாலையில் நூல் ஓதும் வழக்கமுடையவர். சற்று நேரம் மௌனமாக இருந்து, "குழந்தாய், உண்டியலில் இட்டது யாருடைய பணம்?" என்று கேட்டார்.

"கண்டெடுத்த பணம், அப்பா."

"அப்படியானால் தானம் செய்தவர் யார்?"

என்னிடம் விடை இல்லை. அவர் இரத்தினகரண்டகத்தை எடுத்து, நான் மனப்பாடமாகவே அறிந்திருந்த அதே சுலோகத்தைக் காட்டினார். வைத்ததும் விழுந்ததும் மறந்ததுமாகிய பிறர் பொருளைத் தான் எடுத்துக்கொள்ளாமை மட்டும் அன்று. அதனைப் பிறருக்கு எடுத்துக் கொடுக்காமையும் சேர்ந்ததே இவ்விரதம் என்று ஆசாரியர் அங்கே சொல்லியிருந்தார். அதுவரை நூறு முறை அதனை ஓதியிருப்பேன். பொருள் அன்றுதான் விளங்கியது. எனக்கு உரிமை இல்லாத ஒன்றை நான் எடுத்துக்கொள்வதும் பிழை. அதனை வாரி வழங்கி நற்பெயர் தேடுவதும் பிழை. பெறுபவர் பகவானின் ஆலயமே ஆனாலும் பிழை பிழையே.

மறுநாள் என் ஊதியத்திலிருந்து 43 ரூபாயும், அந்தப் பையும், சாவியும் எடுத்துக்கொண்டு அம்மூதாட்டியிடம் சென்றேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் பணத்தை எண்ணவில்லை. சாவியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "காசு வந்துவிட்டது, டீச்சரம்மா. தெருவில் நின்று அவளைத் திருடி என்று கத்தினேனே, அந்தச் சொல்லை எப்படித் திரும்ப வாங்குவேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே இருவரும் அம்மருமகளின் தாய்வீட்டுக்குச் சென்றோம். பையை எடுத்தவள் நானே என்று அங்கிருந்தோர் அனைவர் முன்னும் சொன்னேன். ஆசிரியை ஒருத்திக்கு அவ்வாறு நிற்பது எளிதன்று. ஆனால் செய்யாத குற்றத்திற்காக மூன்று வாரம் தலைகுனிந்திருந்த அப்பெண்ணின் நிலையை நோக்க, என் நாணம் எம்மாத்திரம்! சில நாட்களில் அவள் வீடு திரும்பினாள். சிறுமியும் பள்ளிக்கு வந்தாள். 43 ரூபாய் ஒரே நாளில் திரும்பியது. அந்த மூன்று வாரங்களை எவராலும் திருப்பித் தர இயலவில்லை. இன்றும் பிரதிக்கிரமணத்தில் அமரும்போது அச்சாவி என் நினைவுக்கு வருகிறது.

உரியவரிடம் சேர்ப்பிக்கும் முறை

நான் அன்று செய்திருக்க வேண்டியது என்ன? அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கலாம். அருகிலிருந்த தேநீர்க் கடையில் சொல்லி வைக்கலாம். மறுநாள் பள்ளியில் பிள்ளைகளைக் கேட்டிருந்தால், ஒரு நொடியில் உண்மை தெரிந்திருக்கும். ஆகவே கண்டெடுத்தவரின் முதற் கடமை தேடுதல். பொருளை எடுப்பதே உரியவரிடம் சேர்ப்பதற்காகத்தான் என்ற உறுதி எடுக்கும் கணத்திலேயே இருத்தல் வேண்டும்.

கண்டெடுத்ததை அறிவிக்கும்போது முழு அடையாளத்தையும் வெளியிடலாகாது. 'ஒரு பை கிடைத்தது' என்று மட்டும் சொல்லி, அதன் நிறம், உள்ளிருப்பது, எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டு வருபவரே சொல்லுமாறு விட வேண்டும். ஒப்படைக்கும்போது மற்றொருவர் உடனிருத்தல் நன்று. பேருந்தில் கிடைத்ததை நடத்துநரிடமும், இரயிலில் கிடைத்ததை நிலைய அலுவலரிடமும், உடையவரை அறிய இயலாத நகை, பணம் முதலியவற்றைக் காவல் நிலையத்திலும் ஒப்படைத்து, எழுத்தில் ஒப்புதல் பெறலாம். கைப்பேசியைக் கண்டெடுத்தால் அதனை அணைத்துவிடாமல், வரும் முதல் அழைப்பை எடுத்துப் பேசினாலே போதும். நம் வங்கிக் கணக்கில் அறியாத தொகை வந்து சேர்ந்தால், அதுவும் விழுந்த பொருளே. ஆனால் 'தவறி அனுப்பிவிட்டேன்' என்று அழைப்பவர் சொல்லும் எண்ணுக்கு உடனே பணம் அனுப்பி ஏமாறாமல், வங்கிக் கிளையில் தெரிவித்து அவ்வழியே திருப்புவது அறிவுடைமை.

நாட்டுச் சட்டமும் இவ்வறத்தின் பக்கமே நிற்கிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவாக இருந்ததும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314ஆம் பிரிவாக உள்ளதும் இதனையே கூறுகின்றன. உடையவரிடம் சேர்ப்பதற்காக எடுத்துப் பாதுகாப்பது குற்றமன்று. உடையவரை அறிந்திருந்தும், அறியும் வழி இருந்தும், தக்க முயற்சி செய்யாமல் தனதாக்கிக்கொள்வது குற்றம். நம் ஊர்ப்புறங்களில் நிலத்தை உழும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ தீர்த்தங்கரர் திருமேனிகள் வெளிப்படுவதுண்டு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய எதனையும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். பக்தியின் பெயரால் அதனை மறைத்து வைப்பது, ஆசாதரர் அன்று விலக்கிய செயலேயாகும்.

பிள்ளைகளுக்குப் பாராட்டும் வேண்டா

அந்நிகழ்ச்சிக்குப் பின் என் வகுப்பில் ஓர் அட்டைப்பெட்டி வைத்தேன். கண்டெடுத்த பொருள் எதுவாயினும் அதில் இட வேண்டும். தொலைத்தவர் அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் பொருள் கொண்டுவந்த பிள்ளைகளை எழுந்து நிற்கச் செய்து, எல்லாரும் கைதட்டுமாறு செய்தேன். அடுத்த வாரம் பெட்டி நிரம்பி வழிந்தது! வியந்து விசாரித்தபோது, கைதட்டலை விரும்பிய சிறுவர் சிலர் தம் வீட்டிலிருந்தே பென்சிலையும் ஐந்து காசையும் கொண்டுவந்து 'கண்டெடுத்ததாக' இட்டிருந்தனர். சிரிப்பு வந்தது, சிந்தனையும் வந்தது. உண்டியலின் முன் நின்று நான் எதிர்பார்த்ததும் அக்கைதட்டலைத்தானே!

அன்று முதல் பாராட்டை நிறுத்திவிட்டேன். பொருளை இட்ட பிள்ளையிடம் 'சரி' என்று மட்டும் சொல்வேன். பெட்டியில் பொருட்கள் குறைந்தன. ஆனால் அவை உண்மையிலேயே தொலைந்த பொருட்களாக இருந்தன. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இளம் ஆசிரியர்களுக்குப் பாடம் சொன்னபோது இதனைத் தவறாமல் கூறுவேன். பிறர் பொருளைத் திருப்பித் தருவது கொடை அன்று. அது நாம் ஏறிய சிகரம் அன்று. நாம் நிற்க வேண்டிய தரை. தானம் செய்தால் புண்ணியம் உண்டு என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். திருப்பித் தருவதோ, புண்ணியம் என்ற சொல்லுக்கும் முன்னே நிற்கும் கடமை.

நம் பெரியோர் சிலர் 'கீழே கிடந்தது இலட்சுமி. தள்ளலாகாது' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் நெறியில் எந்தத் தெய்வமும் ஒருவர் மடியிலிருந்து எடுத்து மற்றொருவர் மடியில் போடுவதில்லை. கிடந்த பொருளைக் கண்டபோது எழும் ஆசையே வினை உள்ளே வரும் வாயில். கண்டவுடன் மனத்தில் எழும் முதல் வினா, 'இது எனக்கு எதற்குப் பயன்படும்?' என்பதாக இருந்தால் வாயில் திறந்துவிட்டது. 'இதனைத் தேடி இப்போது எவர் அழுதுகொண்டிருப்பார்? இதற்காக எவர்மேல் பழி விழுந்திருக்கும்?' என்பதாக இருந்தால் வாயில் அடைபட்டது.

ஆதலின் சிராவக சிராவகியர்களே! இன்று இல்லம் சென்றதும் உங்கள் அலமாரியையும் இழுப்பறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். இரவல் வாங்கித் திருப்பாத நூலோ, விசேஷ வீட்டிலிருந்து மாறி வந்த பாத்திரமோ, எங்கோ கண்டெடுத்து 'பிறகு பார்க்கலாம்' என்று வைத்த சாவியோ அங்கே இருக்கக்கூடும். அதற்கு உரியவர் வீடு இன்னும் தொலைவில் இல்லை. நாளைக்கென்று வையாமல், இன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

உரியது உரியவரைச் சேர்க! எவர்மேலும் வீண்பழி விழாதிருக்க! அருகன் அருளிய அறம் ஓங்குக!

சுபம்.